அப்பா குரல் இருந்த போன்

கண்ணா,

இந்தக் கடிதத்தை நீ படிக்கப் போவதில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் எழுத்து வராது. ஊருக்குப் போனால் பஸ் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது என்று இருபத்து மூன்று வயதிலும் என் புடவையைப் பிடித்து இழுத்துக் கேட்கிற ஆள் நீ. இருந்தாலும் தமிழில்தான் எழுத வருகிறது. ஹிந்தியில் எழுத உட்கார்ந்தால் ஆபீஸ் குறிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் எனக்கே நான் அந்நியமாகத் தெரிகிறேன். எழுதி முடித்ததும் இது உன்னிடம் வந்து சேர ஒரு வழி வைத்திருக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன். நடுவில் வேறு யார் கையில் கிடைத்துப் படித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. டில்லியில் இந்தக் கிட்வாய் நகரில் மட்டும் சொந்த போனுக்குள் ஆபீஸைச் சுமந்துகொண்டு அலைகிற பெண்கள் எத்தனையோ பேர். அவர்களும் படிக்கட்டும்.

போன வியாழக்கிழமை சாப்பிடும்போது நீ சொன்னாய். புனேயில் சேரப்போகிற கம்பெனி போன் எதுவும் தராதாம், உன் போனிலேயே அவர்களுடைய ஆப்பைப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்களாம். "அதுல என்னென்ன பர்மிஷன் கேக்குதுடா?" என்றேன். "எல்லாம் கேக்குதும்மா. டென்ஷன் மத் லோ, கவலப்படாத, எல்லா கம்பெனியும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு சப்பாத்தியை எடுத்துப் போட்டுக்கொண்டாய். அதோடு விட்டாயா? கை கழுவப் போனவன் திரும்பி வந்து, "அம்மா, நான் போறதுக்குள்ள அப்பா வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுத்துடு. இந்த வாட்டி பஹானா, சாக்குப்போக்கு எதுவும் கிடையாது" என்றாய். "சரிடா" என்றேன். பாத்திரம் தேய்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

அந்தக் குரல் என்னிடம் இல்லை, கண்ணா. ஒன்றரை வருடமாக இல்லை. நீ கேட்கும்போதெல்லாம் தருகிறேன் தருகிறேன் என்றது பொய். புதன்கிழமை நீ ரயில் ஏறுகிற அன்றைக்காவது இதைச் சொல்லிவிட வேண்டும். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் இல்லாததால், நீ சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிற இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் உன் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

உன்னை மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் போடலாமா என்று அப்பா ஒரு தடவை கேட்டார். அவ்வளவு தூரம் யார் கொண்டு விடுவது, எனக்கு ஒன்பது மணிக்கு ஆபீஸ் என்று நான்தான் வேண்டாம் என்றேன். பக்கத்துப் பள்ளியில் ஹிந்தியும் ஆங்கிலமும் படித்தாய். அப்பாவோ மலையில் அணை கட்டுகிற ப்ராஜெக்டில் இருந்தார், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். அங்கே சிக்னல் நிலையாக இருக்காது, பேச்சு பாதியில் அறுந்துபோகும். தமிழில் தட்டி அனுப்பினால் உனக்குப் படிக்க வராது. "படிக்கத்தானே தெரியாது, கேக்கத் தெரியும்லா" என்று அவர் பேசி அனுப்ப ஆரம்பித்தார். சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு நடந்துபோய், மூச்சு வாங்க வாங்கப் பேசுவார். எல்லாம் என் போனுக்குத்தான் வரும், உன்னிடம் அப்போது போன் கிடையாது. "ஏல, பரீட்ச எப்படில எழுதிருக்க? உங்கம்மைட்ட சொல்லாத, எங்கிட்ட மட்டும் சொல்லு" என்று என் போனுக்கே அனுப்பி வைப்பார். நீயும் நானும் சேர்ந்து கேட்டுச் சிரிப்போம். திருநெல்வேலிக்காரரின் 'ஏல'யை நீ டில்லி நாக்கால் சொல்லிப் பார்ப்பாய், அது வேறு எதுவோ மாதிரி இருக்கும்.

அந்த மெசேஜ்களில் எனக்கென்று ஒன்று இருந்தது. உனக்கு அது ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. லீவு முடிந்து அவர் கிளம்பிப் போன ஒரு காலையில் அனுப்பியது. நான் வீட்டைப் பூட்டுகிற நேரத்தைக் கணக்காகத் தெரிந்து வைத்திருந்தார். "கேஸ மூடிட்டியா? பால்கனிக் கதவச் சாத்திட்டியா? சரி, பைய போ." அவ்வளவுதான், ஒன்பது நொடி. எங்கள் மாயவரம் பக்கத்தில் மெதுவா என்போம், அவருக்கு எல்லாம் பைய. "பையப் போனா பஸ்ஸ யார் பிடிக்கறது?" என்று அப்போது எரிச்சலாகப் பதில் அனுப்பினேன். எனக்கு அன்று பையப் போக நேரமில்லை.

இனி என் போனுக்குள் ஆபீஸ் வந்த கதை. பெரிய அதிகாரிக்குத் தனிச் செயலராக இருப்பவளுக்கு ஐந்து மணிக்குப் பிறகும் வேலை உண்டு என்று உனக்குத் தெரியும். கோப்பை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. ஆனால் பக்கத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து ராத்திரி சமையலுக்கு நடுவே டைப் அடித்து அனுப்பினால் காலையில் அதிகாரி முகம் மலர்ந்திருக்கும். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. நானாகச் செய்தேன், அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. மேடம் இருந்தால் வேலை நிற்காது என்று அவர் நாலு பேர் எதிரே சொல்வார். அதைக் கேட்பதற்காக இன்னும் நாலு பக்கம் படம் பிடிப்பேன்.

நீ பதினொன்றாவது படித்த வருஷத்து நவராத்திரியை நினைத்துப் பார். கொலுவுக்கு எதிர் பிளாக் ஆன்ட்டி வந்திருந்தாள். சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டு, போன வருஷக் கொலுவில் எத்தனை படி என்று கேட்டாள். நீ என் போனை எடுத்துப் படத்தைக் காட்டினாய். அவள் அதை வாங்கி, இந்த வருஷப் படங்கள் வரைக்கும் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பொம்மை, பொம்மை, நீ, நான், அப்பா, அப்புறம் மாற்றல் பட்டியல். கையெழுத்து ஆகாத பட்டியல். அதில் எங்கள் ஆபீஸிலேயே வேலை பார்க்கிற அவள் வீட்டுக்காரர் பெயருக்கு நேரே கௌஹாத்தி என்று இருந்தது. போனைத் திருப்பித் தந்தாள், குங்குமம் வாங்கிக்கொண்டாள், போய்விட்டாள். மறுநாள் காலை பால் பூத்தில் காலனியே அந்தப் பட்டியலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. பதினொரு மணிக்கு என் மேஜைக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது.

அன்று உன்னைத் திட்டினேன். என் போனை ஏன் தொட்டாய் என்று கத்தினேன், நீ சாப்பிடாமல் படுத்தாய். உன்மேல் என்ன தப்பு இருந்தது? கொலுப் படத்தைக் காட்டினாய். ஆபீஸ் காகிதத்தையும் கொலுவையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்தவள் நான். இதற்கு அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், இப்போது கேட்கிறேன்.

மெமோவுக்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயத்தில்தான் மற்றதெல்லாம் நடந்தது. ஆபீஸ் மெயிலைச் சொந்த போனில் பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரு ஆப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தபோது முதல் ஆளாகப் போய் நின்றேன். கணினிப் பிரிவுப் பையன் ஒருத்தன், "மேடம், சப் அலௌ கர் தீஜியே" என்றான், எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்துவிடுங்கள் என்று. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டம் வந்தது. எதையும் படிக்கவில்லை. முப்பது வருஷமாகப் பெரியவர்கள் நீட்டுகிற காகிதத்தில் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தே பழகினவள், எனக்கு நீட்டினதையும் அப்படியே அழுத்தினேன். போன் தொலைந்தாலோ வேலையை விட்டாலோ அவர்கள் தங்கள் இடத்தில் உட்கார்ந்தபடியே அதிலிருப்பதை அழிக்கலாம் என்பது அந்தக் கட்டங்களில் ஒன்று. ஆபீஸ் காகிதங்கள் வருகிற போனிலிருந்து எதுவும் வெளியே சேமிப்புக்குப் போகக் கூடாது என்றும் சொன்னார்கள். வாட்ஸ்அப் தானாக எடுத்து வைக்கிற பிரதியை நிறுத்தினேன். உன்னையும் தொட விடவில்லை. "ஆபீஸ் போன், கை வைக்காதே" என்று எத்தனை தடவை உன் கையைத் தட்டிவிட்டிருக்கிறேன். நான் காசு கொடுத்து வாங்கின போன் அது.

பிறகு அப்பா போனார். நீ காலேஜ் இரண்டாம் வருஷம். சைட்டில் காலையில் நடந்துகொண்டிருந்தவர் உட்கார்ந்தார், எழவில்லை. அவர் வைத்திருந்தது கம்பெனி கொடுத்த போன். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து அவர்களுடைய ஆள் வந்தபோது அடையாள அட்டை, ஹெல்மெட்டோடு அந்தப் போனையும் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். அதில் என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்கவில்லை. உனக்குப் போன் வந்த பிறகு உனக்கென்று அவர் அனுப்பிய நாலைந்தும் நீ போன் மாற்றினபோது போய்விட்டன. நீ கவலைப்படவில்லை, "அம்மாகிட்ட எல்லாம் இருக்கு" என்றாய். இருந்தது. அந்த மூலை உடைந்த பழைய போனை மாற்றாமல் நான் வைத்திருந்தது அதற்காகத்தான், நீ டப்பா டப்பா என்று கேலி செய்தாலும். தினமும் காலையில் கதவைப் பூட்டிவிட்டு, படியில் இறங்குவதற்கு முன்னால் அந்த ஒன்பது நொடியைக் கேட்பேன். கேஸை மூடியிருப்பேன், பால்கனியைச் சாத்தியிருப்பேன். கேட்டுவிட்டு மெதுவாக இறங்குவேன். எத்தனையோ நாள் பஸ்ஸை விட்டிருக்கிறேன். இதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. உனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்திருந்தால் போதும். நீயும் ஞாயிறுதோறும் கேட்டாய். அதில் ஆபீஸ் படங்கள் இருக்கின்றன, முதலில் அவற்றை நீக்கிவிட்டுத் தருகிறேன் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

அப்படி பஸ்ஸை விட்ட ஒரு நாளில் ஆட்டோவில் போனேன். ஆபீஸ் வாசலில் இறங்கி, மாடி ஏறி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பையில் போன் இல்லை என்று தெரிந்தது. பக்கத்து இருக்கைக்காரி போனிலிருந்து அடித்தேன், அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள்? அதிகாரிக்கு மணி அடித்தால் பிடிக்காது என்று எப்போதும் சத்தத்தை அணைத்தே வைத்திருப்பேன். மெமோவுக்குப் பிறகும் படம் பிடிக்கிற பழக்கத்தை நான் விட்டிருக்கவில்லை, அன்று அந்தப் போனில் ஒரு விசாரணை அறிக்கையின் ஆறு பக்கம் இருந்தது. எனக்கு ஞாபகத்துக்கு வந்தது அந்த ஆறு பக்கம். மெமோ ஞாபகம் வந்தது. நேரே கணினிப் பிரிவுக்கு ஓடினேன்.

கேள், இதுதான் நான் சொல்ல முடியாமல் இருந்தது. அந்தப் பையன் என்னை ஏமாற்றவில்லை. "மேடம், பூரா போன் சாஃப் ஹோ ஜாயேகா. ஆபீஸ் கா பீ, ஆப்கா பீ. பக்கா?" என்று தெளிவாகக் கேட்டான். ஆபீஸ் சமாச்சாரம் மட்டுமில்லை, உங்களுடையதும் முழுக்கப் போய்விடும், சரியா என்று. எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. "ஹாங் ஹாங், ஜல்தி கரோ" என்றேன். ஜல்தி, சீக்கிரம் என்று சொன்னேன், கண்ணா. படியேறி என் இடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, ஏதோ பெரிய ஆபத்திலிருந்து தப்பித்த நிம்மதியோடு, சாயந்திரம் என்ன சமைக்கலாம் என்று நினைத்தேன். கேஸ் சிலிண்டர் தீரப்போகிறதே என்று தோன்றியது. கேஸ் என்ற நினைப்போடு அவர் குரல் வந்தது. அப்படியே திரும்பி ஓடினேன். "ஹோ கயா மேடம்" என்றான் அவன், முடிந்துவிட்டது என்று நல்ல செய்தி சொல்வதுபோல.

நாலரை மணிக்கு வாசல் காவலர் கீழே கூப்பிட்டார். ஆட்டோக்காரர் நின்றுகொண்டிருந்தார். மத்தியானம் வண்டியைத் துடைத்தபோது சீட்டுக்கு நடுவில் கிடைத்ததாம், காலையில் எந்த வாசலில் யாரை இறக்கினோம் என்று யோசித்துத் தேடி வந்திருக்கிறார். "பையா, சாய் தோ பீ லோ" என்று டீயாவது குடித்துவிட்டுப் போகச் சொன்னேன், சவாரி இருக்கிறது என்று போய்விட்டார். போன் அதே போன், மூலையில் அதே உடைசல். திறந்தேன். கடையில் வாங்கின புதுப் போன் மாதிரி, உங்களுக்கு எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. கொஞ்ச நேரம் நான் பொறுத்திருக்கலாம். அவருடைய குரலுக்காகப் பொறுக்காதவள், அறிக்கைக்காக அவசரப்பட்டேன். அந்த அறிக்கையின் ஆறு பக்கமும் என் மேஜையில் கோப்பிலேயே இருந்தது.

போன் அதே போனாக இருந்ததால் உன்னிடம் பொய் சொல்வது சுலபமாகிவிட்டது. நீ அதை மேஜையில் பார்க்கும்போதெல்லாம் உள்ளே அப்பா இருக்கிறார் என்று நினைத்தாய். திவசத்தன்று, "ஒண்ணே ஒண்ணு போடும்மா" என்று கேட்டாய். இன்றைக்கு வேண்டாம், தாங்காது என்றேன். நீ என்னை அணைத்துக்கொண்டாய். அந்த அணைப்புக்கு நான் தகுதியில்லாதவளாக நின்றேன்.

இப்போது புத்தி சொல்கிற இடத்துக்கு வந்துவிட்டேன், சிரிக்காதே. உன் பெட்டியில் துணிக்கு அடியில் ஒரு சின்ன போன் வைத்திருக்கிறேன், நேற்று வாங்கினது. கம்பெனியின் ஆப், மெயில், குரூப் எல்லாம் அதில் போடு. அவர்கள் கேட்கிற எல்லாக் கட்டத்தையும் வேண்டுமானால் அதில் அழுத்திக்கொள், ஆனால் ஒவ்வொன்றையும் படித்துவிட்டு அழுத்து. புரியாவிட்டால் கேள். நாளைக்கு நான் இந்த வேலையை விட்டால் என் போனை என்ன செய்வீர்கள், இப்போதே சொல்லுங்கள் என்று முதல் நாளே கேள். கேட்டால் முறைப்பார்கள், முறைக்கட்டும். நல்ல பெயர் வாங்குவதற்காகப் பேசாமல் இருந்தவள் உன் அம்மா, அந்த நல்ல பெயர் ஒருநாள்கூட வீட்டுக்கு வந்து என்னோடு உட்காரவில்லை. வேலைக் காகிதத்தைச் சொந்த போனில் படம் பிடிக்காதே. அது தொலைந்தால் உனக்கு ஆபத்து, யார் பெயர் அதில் இருக்கிறதோ அவர்களுக்கும் ஆபத்து. எதிர் பிளாக் ஆன்ட்டி தன் வீட்டுக்காரர் மாற்றலை என் வீட்டுச் சுண்டலோடு தெரிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. அவள் கௌஹாத்தி போகிற வரைக்கும் என்னோடு பேசவில்லை.

உன் சொந்த போனை உன்னுடையதாக மட்டும் வைத்துக்கொள். சாப்பிடும்போது அதைப் பார்த்துக் குனிந்து சிரிக்கிறாயே, யார் அந்தப் பெண் என்று நான் கேட்கவில்லை. நீ சொல்கிறபோது சொல். ஆனால் அவள் உனக்கு எழுதுகிறதும் பேசுகிறதும், முகம் தெரியாத எவனோ ஒருவன் ஒரு பொத்தானைத் தொட்டால் போய்விடுகிற இடத்தில் இருக்கக் கூடாது. இன்றைக்கு உனக்கு அது சாதாரணமாகத் தெரியும். எனக்கும் பைய போ என்றது ரொம்ப சாதாரணமாகத்தான் தெரிந்தது. பிரதி எடுத்து வை. அடுத்த ஞாயிறு என்று தள்ளாதே.

அவர் குரல் எனக்கு வேண்டும், கண்ணா. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது. அதெல்லாம் பேசுவதில்லை. இன்னமும் காலையில் கதவைப் பூட்டிவிட்டு ஒரு நிமிஷம் அங்கேயே நிற்கிறேன். எதிர்வீட்டுக்காரி, "க்யா பூல் கயீ பாபிஜி?" என்று கேட்கிறாள், எதை மறந்தீர்கள் என்று. சாவி என்று சொல்லிச் சமாளிக்கிறேன். பயமாக இருப்பது எதற்கென்றால், இப்போதெல்லாம் மனசுக்குள் அந்தக் குரலைக் கேட்கப் பார்த்தால் வார்த்தை வருகிறது, ராகம் நழுவுகிறது. 'பைய' என்பதை அவர் இழுப்பாரா, சட்டென்று விடுவாரா? ஒருநாள் ஒரு மாதிரி வருகிறது, மறுநாள் வேறு மாதிரி.

நீ கோபப்படு. இரண்டு நாள் பேசாமல் இரு, புனே போய்க்கூடப் பேசாமல் இரு, தாங்கிக்கொள்வேன். ஆனால் ஒரு உதவி செய். இந்தக் கடிதத்தை நீ படிக்க முடியாது என்பதால், அப்பா செய்தபடியே செய்யப்போகிறேன். முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்து உன் போனுக்கு அனுப்பப்போகிறேன், உன் சொந்த போனுக்கு. ரயில் கிளம்பிய பிறகுதான் அனுப்புவேன். முடிகிற இடத்தில் அந்த ஒன்பது நொடியை, எனக்கு ஞாபகம் இருக்கிற ராகத்தில், மாயவரத்து நாக்கால் சொல்லிப் பார்க்கிறேன். அது அவர் குரலாக இருக்காது. ஆனால் என்னோடு சேர்ந்து அந்தக் குரலைக் கேட்ட காது உன்னுடையது ஒன்று பாக்கி இருக்கிறது. நான் தப்பாகச் சொல்லியிருந்தால், அவர் எப்படிச் சொல்வார் என்று நீ சொல்லி எனக்கு அனுப்பு. அதைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் கதவைப் பூட்டிவிட்டுக் கேட்கிறேன்.

கேஸ மூடிட்டியா? பால்கனிக் கதவச் சாத்திட்டியா? சரி, பைய போ.

அம்மா